பாலக்கோடு லூப்பில் கூட்ஸை நிறுத்தி எக்ஸ்பிரஸை விட டிரிக்கரை எங்கே வைப்பது?

பாலக்கோடு பையன்:

எல்லோருக்கும் வணக்கம். டிரெய்ன்ஸ் 2019 ரயில் சிமுலேட்டரில் நம்ம சேலம் - ஓசூர் பாதையில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறேன். தர்மபுரி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி, இந்த மூன்று ஸ்டேஷன்தான். தொப்பூர் காட்டை எழுப்ப இப்போதைக்குப் பொறுமை இல்லை, அது அப்புறம். ஒற்றைப் பாதை, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு மெயின், ஒரு லூப் (ஒதுங்கி நிற்கும் பக்கத் தடம்), இரண்டு பக்கமும் உள்ளே வர ஹோம் சிக்னல், வெளியே போக ஸ்டார்ட்டர் எல்லாம் வைத்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒரு சாதாரண கிராசிங். தர்மபுரியிலிருந்து ஓசூர் நோக்கி ஒரு கூட்ஸ் வருகிறது, 58 பாக்ஸ்-என் வேகன், முன்னால் ஒரு டபிள்யூஏஜி-9 மின்சார எஞ்சின், கடைசியில் பிரேக் வேன். அது பாலக்கோடு லூப்பில் ஏறி நிற்க வேண்டும். எதிரே ஓசூர் பக்கமிருந்து கண்ணூர் எக்ஸ்பிரஸ் வந்து மெயினில் தாண்டிப் போக வேண்டும். அது போனதும் கூட்ஸ் கிளம்ப வேண்டும். இரண்டையும் கம்ப்யூட்டர் டிரைவரே ஓட்ட வேண்டும், நான் பிளாட்பாரத்தில் கேமராவை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது செய்து வைத்திருப்பது இது: பாலக்கோட்டின் சேலம் முனையில், ஸ்டார்ட்டரையும் பாயின்டையும் (தடம் பிரியும் இடம்) தாண்டி ஒற்றைப் பாதையில் ஒரு டிரிக்கர், அதாவது வண்டி மிதித்தால் ரூலுக்குச் சொல்லும் குறி. செஷன் எடிட்டரில் டிரிக்கர் செக் ரூல், அதற்கு உள்ளே தள்ளி இஷ்யூ ஷெட்யூல் ரூல், அதில் கூட்ஸ் டிரைவருக்கு மாரண்டஹள்ளியில் வைத்த டிராக் மார்க் (போய்ச் சேரும் இடத்தின் குறி) வரை போகச் சொல்லும் ஷெட்யூல், அதாவது கமாண்ட் வரிசை. எக்ஸ்பிரஸ் பாலக்கோட்டை விட்டு வெளியே வந்து டிரிக்கரை மிதித்தால் கூட்ஸுக்கு உத்தரவு போகும் என்பதுதான் கணக்கு.

நடப்பது வேறு. கூட்ஸ் லூப்புக்குள் வருகிறது, நின்ற கையோடு கிளம்பி விடுகிறது. அப்படியே மாரண்டஹள்ளி ஹோம் வரை போய் நிற்கிறது. எக்ஸ்பிரஸ் அங்கே மெயினில் ஸ்டார்ட்டர் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இரண்டும் நாள் முழுக்க அப்படியே நிற்கும். டிரிக்கரை இடம் மாற்ற வேண்டுமா, இல்லை இந்த ரூலே இதற்கு உதவாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொப்பூர் டீசல்:

எதற்கு இவ்வளவு சுற்று? கூட்ஸ் டிரைவருக்கு லூப் வரை போ, 15 நிமிஷம் காத்திரு, அப்புறம் மாரண்டஹள்ளி போ என்று மூன்று கமாண்ட் கொடுத்தால் வேலை முடிந்தது. நான் டிரிக்கர் பக்கமே போவதில்லை.

நேரோகேஜ் கிருஷ்ணகிரி:

டீசல் அண்ணன் சொல்வது ஒரு தடவை ஓடும், இரண்டாம் தடவை ஓடும், மூன்றாம் தடவை எக்ஸ்பிரஸ் எங்கேயாவது ஒரு சிவப்பில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் 15 நிமிஷம் முடிந்து கூட்ஸ் பாட்டுக்குக் கிளம்பிவிடும். நேரத்தை நம்பினால் முன்னால் உள்ள எல்லா வண்டியும் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். நம்ம ஊர்ப் பாதையைக் கட்டிவிட்டு அதை எதிர்பார்ப்பதே நியாயமில்லை.

பாலக்கோடு தம்பிக்கு: உங்கள் டிரிக்கர் சொன்னபடிதான் வேலை செய்கிறது. டிரிக்கர் என்பது வாசலில் இருக்கும் காலிங் பெல் மாதிரி, யார் அழுத்தினாலும் அடிக்கும். நீங்கள் வைத்திருக்கும் இடம் ஒற்றைப் பாதை. எக்ஸ்பிரஸ் போகும்போது மட்டுமா அந்த இடத்தை மிதிக்கும்? கூட்ஸ் தர்மபுரியிலிருந்து வருவதும் அதே தண்டவாளத்தில்தானே? கூட்ஸ் லூப்புக்குத் திரும்புவதற்கு முன்பே தன் டிரிக்கரைத் தானே மிதித்து, தனக்குத் தானே கிளம்பு என்று உத்தரவு வாங்கிக்கொண்டுதான் உள்ளே வருகிறது. அதனால்தான் நின்ற கையோடு கிளம்புகிறது.

டிரிக்கர் செக் ரூலைத் திறந்தால் எந்த வண்டிக்கு என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கும். எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் எல்லா வண்டிக்கும் அடிக்கும். அங்கே எக்ஸ்பிரஸை மட்டும் வையுங்கள். அதற்கு முன்னால் எக்ஸ்பிரஸுக்கும் அதன் லோகோவுக்கும் அடையாளம் தெரிகிற மாதிரி பெயர் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பட்டியலில் ஒரே மாதிரி நாலு பெயர் வந்து நிற்கும்.

டிரிக்கருக்கும் அப்படியே. பாதை கட்டும் சர்வேயர் பகுதியில் அதன் பண்புகளைத் திறந்து பெயரையும் ரேடியஸையும் மாற்றலாம். 'டிரிக்கர் 1', 'டிரிக்கர் 2' என்று விட்டு வைத்தால் ஒரு மாதம் கழித்து எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. ஓட்டும்போது அது கண்ணுக்கும் தெரியாது. நான் ஸ்டேஷன், எந்த ஊர் முனை, மெயினா லூப்பா என்ற வரிசையில் பெயர் வைப்பேன். ரேடியஸை ரொம்பப் பெரிதாக வைக்காதீர்கள், பாயின்டுக்கு ஒட்டியும் வைக்காதீர்கள், எந்தத் தண்டவாளத்தில் இருப்பதைப் பிடிக்கிறது என்ற சந்தேகமே வரக்கூடாது.

இன்னொன்று, டிரைவர் கமாண்ட் ரூல் என்று ஒன்று பட்டியலில் இருக்கும், பெயரைப் பார்த்து அதுதான் உத்தரவு கொடுக்கும் ரூல் என்று பல பேர் எடுத்துப் போடுகிறார்கள். டிரைவர்களுக்கு எந்தெந்தக் கமாண்ட் கிடைக்கலாம் என்று முடிவு செய்வது மட்டும்தான் அதன் வேலை. உத்தரவு கொடுக்க ஷெட்யூல் லைப்ரரியில் எழுதி வைத்து இஷ்யூ ஷெட்யூல் ரூலில் அனுப்ப வேண்டும். நீங்கள் அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

(எங்கள் மாவட்டத் தலைநகருக்கு நிஜத்தில் ரயிலே கிடையாது. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நேரோகேஜ் வண்டி வந்தது, 1941-ல் எடுத்துவிட்டார்கள். அதைத்தான் நான் சிமுலேட்டரில் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஒரே ஒரு வண்டி போய்ப் போய் வரும், கிராசிங் பிரச்சினையே எனக்கு இல்லை. உங்களைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.)

பாலக்கோடு பையன்:

நன்றி அண்ணா. எக்ஸ்பிரஸை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பார்த்தேன். கூட்ஸ் இப்போது லூப்பில் ஏறி அமைதியாக நிற்கிறது. எக்ஸ்பிரஸும் மாரண்டஹள்ளியிலிருந்து கிளம்பி பாலக்கோடு ஹோமைத் தாண்டி மெயினில் வருகிறது. ஆனால் சேலம் முனை ஸ்டார்ட்டரில் சிவப்பு. அங்கேயே நிற்கிறது. தர்மபுரி வரை முன்னால் எந்த வண்டியும் இல்லை, மேப்பில் பார்த்துவிட்டேன். எக்ஸ்பிரஸ் ஸ்டார்ட்டரைத் தாண்டாததால் டிரிக்கரை மிதிக்கவில்லை, டிரிக்கர் மிதிபடாததால் கூட்ஸ் கிளம்பவில்லை. சிக்னலைக் கழற்றி வேறு சிக்னல் போட்டும் பார்த்தாயிற்று, அதே சிவப்பு.

ஓபன்ரெயில்ஸ் ஓசூர்:

இதற்குத்தான் ஓபன் ரெயில்ஸ் சிமுலேட்டருக்கு வாருங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். அங்கே டைம்டேபிள் முறையில் ஒரு அட்டவணைத் தாளில் வண்டிகளை மேல் வரிசையில், ஸ்டேஷன்களைப் பக்கத்தில் எழுதி, கூட்ஸின் பாலக்கோடு கட்டத்தில் டாலர் குறியோடு 'வெயிட்' என்று போட்டு எந்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும் என்று பெயர் எழுதினால் முடிந்தது. எக்ஸ்பிரஸ் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் கூட்ஸ் காத்திருக்கும். டிரிக்கரும் வேண்டாம், ரூலும் வேண்டாம், மென்பொருளும் இலவசம்.

நேரோகேஜ் கிருஷ்ணகிரி:

வந்துட்டாரய்யா. அவர் பாதையை டிரெய்ன்ஸில் கட்டி முடித்த பிறகு வீட்டையே மாற்றச் சொல்கிறீர்களே. இருந்தாலும் ஓசூர்க்காரர் சொல்வதில் ஒரு விஷயம் சரி: இன்ன வண்டிக்காகக் காத்திரு என்று வண்டியின் பெயரைச் சொல்லிக் கட்டுவதுதான் சரியான முறை. டிரெய்ன்ஸில் அதையே ஒரு இடத்தோடு சேர்த்துச் சொல்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பி, அந்த ஸ்டார்ட்டர் ஏன் சிவப்பு என்று எனக்கும் பிடிபடவில்லை. லூப்பின் நீளம் என்ன, கூட்ஸ் நின்ற பிறகு மேலிருந்து ஒரு படம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற எஸ்.எம்.:

பேரன் இந்த விளையாட்டை என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்ததிலிருந்து இங்கே வந்து படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இப்போதுதான். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன், ஒற்றைப் பாதைதான் என் பிழைப்பு. படம் வேண்டாம், கணக்கே போதும்.

பாக்ஸ்-என் ஒன்று பத்தே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 58-ஐப் பெருக்கினால் 620 மீட்டருக்கு மேல். லோகோ ஒரு 20, பிரேக் வேன், எல்லாம் சேர்த்தால் 650-ஐத் தாண்டும். தம்பி லூப்பை எவ்வளவு நீளம் போட்டிருக்கிறார் என்று சொல்லவில்லை. கணினி டிரைவர் ஸ்டார்ட்டருக்கு ஒட்டி நிற்க மாட்டான், கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்துவான், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். என் ஊகம், கூட்ஸின் வால் லூப்புக்குள் அடங்கவில்லை. சேலம் முனைப் பாயின்டின் மேலேயோ, அதற்கு வெளியிலேயோ பிரேக் வேன் நிற்கிறது. எக்ஸ்பிரஸ் போக வேண்டிய அதே பாயின்ட். பிறகு ஸ்டார்ட்டர் எப்படிப் பச்சை காட்டும்? சிக்னல் மேல் குற்றமே இல்லை, அது ஒன்றுதான் அந்த ஸ்டேஷனில் பொறுப்பாக வேலை பார்த்திருக்கிறது.

நிஜத்தில் இரண்டு தடம் பிரியும் இடத்தில் ஃபவுலிங் மார்க் என்று ஒரு குறி இருக்கும். வண்டியின் கடைசிப் பெட்டி அதற்கு உள்ளே வந்தால்தான் லூப்பில் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். வெளியே இருந்தால், பக்கத்துத் தடத்தில் போகும் வண்டி உரசும். எங்கள் காலத்தில் இதைச் சொல்ல ஒரு இயந்திரமும் இல்லாத ஸ்டேஷன்கள் இருந்தன. பாயின்ட்ஸ்மேன் அந்த முனையில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். பகலில் கடைசிப் பெட்டியில் எல்.வி. (லாஸ்ட் வெஹிகிள்) என்று எழுதிய பலகை, இரவில் சிவப்பு வால் விளக்கு. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டி முழுதாக வந்துவிட்டது என்று பக்கத்து ஸ்டேஷனுக்குச் சொல்வோம். மழைநாளில், கூட்ஸ் ஊர்ந்து ஊர்ந்து உள்ளே வரும்போது, அந்தச் சிவப்பு விளக்கு கண்ணில் படும் வரை போனைக் கையில் பிடித்தபடியே நிற்பேன். எதிர்முனையில் பக்கத்து ஸ்டேஷன்காரர் 'வந்துச்சா, வந்துச்சா' என்று பிடுங்கிக்கொண்டே இருப்பார்.

இங்கே எல்லோரும் எஞ்சின் எங்கே மிதிக்கிறது என்று பேசுகிறீர்கள். டிரிக்கர் பார்ப்பது எஞ்சினைத்தான். வண்டியின் முன்பக்கம் வந்தது என்று சொல்லும், வால் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வாலைப் பார்க்கிற வேலையை சிக்னல் செய்கிறது, ஏனென்றால் அது தண்டவாளத்தில் யாராவது இருக்கிறார்களா என்றுதான் கேட்கிறது. அதனால் தம்பி, எந்த வண்டி முதலில் என்பதை டிரிக்கரிடம் கொடுங்கள், மோதாமல் பார்ப்பதைச் சிக்னலிடமே விட்டுவிடுங்கள். இரண்டு வேலையையும் டிரிக்கரிடம் கொடுக்கப் போனால் பத்து டிரிக்கர் வைத்தாலும் போதாது.

டிரிக்கரையும் மாற்ற வேண்டும். எதிர் வண்டி ஸ்டேஷனை விட்டு வெளியே போகும் வரை கூட்ஸ் ஏன் காத்திருக்க வேண்டும்? எக்ஸ்பிரஸ் வந்தது ஓசூர் பக்கமிருந்து. கூட்ஸ் போவது ஓசூர் பக்கம். எக்ஸ்பிரஸின் வால் ஓசூர் முனைப் பாயின்டைத் தாண்டி மெயினுக்குள் வந்துவிட்டால் அந்தப் பக்கம் காலி, கூட்ஸைக் கிளப்பலாம். எக்ஸ்பிரஸுக்கு 22 எல்எச்பி பெட்டி என்றால் பெட்டிக்கு 24 மீட்டர் வீதம் 528, லோகோ சேர்த்து 550 மீட்டர். மெயின் 700 மீட்டர் இருந்தால், சேலம் முனை ஸ்டார்ட்டருக்குச் சற்று உள்ளே டிரிக்கரை வையுங்கள். எஞ்சின் அங்கே வரும்போது வால் ஓசூர் முனையைத் தாண்டியிருக்கும். ஸ்டார்ட்டருக்கு வெளியே இருக்கும் டிரிக்கரை எடுத்துவிடுங்கள்.

பாலக்கோடு பையன்:

ஐயா, லூப்பை அளந்து பார்த்தேன், ஸ்டார்ட்டருக்கு ஸ்டார்ட்டர் 610 மீட்டர்தான் வருகிறது. பிரேக் வேனும் அதற்கு முன்னால் இரண்டு மூன்று வேகனும் பாயின்டின் மேலேயே நிற்கின்றன, கேமராவைத் திருப்பிப் பார்த்தால் தெரிகிறது. நீங்கள் ஸ்டேஷனைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டீர்கள்.

டிரிக்கரை ஸ்டார்ட்டருக்கு உள்ளே மாற்றினேன். வேடிக்கை என்னவென்றால், லூப்பை நீட்டாமலேயே இப்போது வேலை ஆகிறது. எக்ஸ்பிரஸ் மெயினில் வந்து டிரிக்கரை மிதிக்கிறது, சிவப்பு ஸ்டார்ட்டரில் நிற்கிறது, கூட்ஸ் கிளம்புகிறது, கூட்ஸின் வால் பாயின்டை விட்டதும் எக்ஸ்பிரஸுக்குப் பச்சை வருகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

ஓய்வுபெற்ற எஸ்.எம்.:

விளையாட்டில் விடலாம். நான் டியூட்டியில் இருந்தால் அந்த எக்ஸ்பிரஸை ஹோம் சிக்னலுக்கு உள்ளேயே எடுத்திருக்க மாட்டேன். வண்டியை உள்ளே எடுக்க அது நிற்கப்போகும் இடம் மட்டும் காலியாக இருந்தால் போதாது, ஸ்டார்ட்டரைத் தாண்டியும் கொஞ்ச தூரம் காலியாக இருக்க வேண்டும். பல வண்ண விளக்கு சிக்னல் உள்ள இடத்தில் 120 மீட்டர். டிரைவர் பிரேக் பிடிப்பதில் கொஞ்சம் தவறினாலும் எதன் மேலும் போய் இடிக்கக்கூடாது என்பதற்காக. அதற்கு வசதி இல்லாத இடத்தில் மணல் மேடு வைத்த முட்டுத் தடம் போட்டு, பாயின்டை அந்தப் பக்கம் திருப்பி வைப்பார்கள். உங்கள் ஸ்டேஷனில் அந்த 120 மீட்டருக்குள் ஒரு பிரேக் வேன் நிற்கிறது. லூப்பை 700-க்கு நீட்டுங்கள் தம்பி, நிலம் உங்களுடையதுதானே, யாரிடம் கையகப்படுத்த வேண்டும்?

நீட்டும்போதே பாயின்டையும் பாருங்கள். 1-க்கு 12 என்று மெல்லப் பிரியும் பாயின்டானால் லூப்புக்குள் 30 கிலோமீட்டர் வேகம், பழைய 1-க்கு 8.5 என்றால் 15 தான். வேகப் பலகையை அதற்குத் தகுந்தபடி வைத்தால் கூட்ஸ் உள்ளே வரும் விதமே மாறும். பார்க்க நிஜம் போல இருக்கும்.

தொப்பூர் டீசல்:

எஸ்.எம். ஐயா வந்த பிறகு நான் என்ன சொல்வது. ஆனால் ஒரு சந்தேகம், பெயர் வைத்து வடிகட்டுவதற்குப் பதில் திசையை வைத்து வடிகட்ட முடியாதா? எனக்கு ஒரே பாதையில் ஏழெட்டு வண்டி ஓடுகிறது. ஒவ்வொன்றின் பெயரையும் ஒவ்வொரு ரூலிலும் தட்டுவது சாத்தியமில்லை. ஓசூர் பக்கமிருந்து வரும் எந்த வண்டியானாலும் கூட்ஸை விடு என்று சொல்ல வேண்டும்.

நேரோகேஜ் கிருஷ்ணகிரி:

டிரிக்கருக்குத் திசை தெரியாது, எந்தப் பக்கமிருந்து மிதித்தாலும் ஒன்றுதான். ஆனால் இரண்டு டிரிக்கர் வைத்தால் திசை கிடைக்கும். ஓசூர் முனையில் ஒன்று, சேலம் முனையில் ஒன்று. முதல் டிரிக்கர் செக் ரூலுக்கு உள்ளே தள்ளி இரண்டாவது டிரிக்கர் செக், அதற்கும் உள்ளே இஷ்யூ ஷெட்யூல். உள்ளே இருக்கும் ரூல் மேலே இருப்பது நடந்த பிறகுதான் விழிக்கும். ஓசூர் முனையை மிதித்து அப்புறம் சேலம் முனையை மிதித்தால்தான் உத்தரவு போகும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு, கவனியுங்கள். சேலத்திலிருந்து மெயினில் போகும் வண்டி சேலம் முனையை மிதிக்கும்போது ஒன்றும் நடக்காது, சரி. ஆனால் வெளியே போகையில் ஓசூர் முனையை மிதித்துவிட்டுப் போகும். அப்போது இரண்டாவது ரூல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அடுத்து சேலத்திலிருந்தே இன்னொரு வண்டி வந்து சேலம் முனையை மிதித்தால் அது எக்ஸ்பிரஸ் என்று நினைத்துக் கூட்ஸை விட்டுவிடும். அதனால் ஏழெட்டு வண்டி ஓடும் பாதையில் திசை மட்டும் போதாது. பெயரும் வேண்டும், இல்லை ஸ்டேஷனுக்கு ஒரு இன்டர்லாக்கிங் டவர் போட்டு பாதையை மொத்தமாகப் பூட்டித் திறக்கும் முறைக்குப் போக வேண்டும். மூன்று ஸ்டேஷனுக்கு அது அதிகம்தான், முழுப் பாதை கட்டுபவர்கள் முதலிலேயே யோசிக்கலாம்.

ஓய்வுபெற்ற எஸ்.எம்.:

கிருஷ்ணகிரிக்காரர் சொன்ன இரண்டு டிரிக்கர் வித்தையைத்தான் ஆக்ஸில் கவுன்டர் செய்கிறது. தண்டவாளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உணர்கருவி, எது முதலில் சக்கரத்தைப் பார்த்தது என்பதிலிருந்து திசையைக் கண்டுபிடிக்கும். அதோடு நிற்காது, உள்ளே போன அச்சு எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று எண்ணும். இரண்டும் சரியாக இருந்தால்தான் பாதை காலி என்று சொல்லும். வழியில் ஒரு வேகன் கழன்று நின்றுவிட்டால் கணக்கு உதைக்கும், அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் (பக்கத்து ஸ்டேஷனின் அனுமதி) கிடைக்காது. எல்.வி. பலகையைப் பார்க்கிற என் வேலையை அது எடுத்துக்கொண்டது என்றே சொல்லலாம், நல்லதுதான். உங்கள் டிரிக்கருக்கு எண்ணத் தெரியுமா?

நேரோகேஜ் கிருஷ்ணகிரி:

ரூல் வழியாக எண்ணாது ஐயா. ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தால் வண்டி டிரிக்கருக்குள் நுழையும்போது ஒரு செய்தி, விட்டுப் போகும்போது ஒரு செய்தி, இரண்டையும் பிடிக்கலாம். விட்டுப் போகும் செய்தியைப் பிடித்தால் நீங்கள் சொன்ன வால் பிரச்சினைக்கு ஓரளவு வழி கிடைக்கும். ஆனால் ஒரு கிராசிங்குக்காக ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லித் தம்பியைப் பயமுறுத்த வேண்டாம்.

பாலக்கோடு பையன்:

லூப்பை 720 மீட்டருக்கு நீட்டிவிட்டேன், பாயின்டுகளை மாற்றினேன். கூட்ஸ் முழுதாக உள்ளே அடங்குகிறது, எக்ஸ்பிரஸ் ஸ்டார்ட்டரில் நிற்காமல் பச்சையில் அப்படியே தாண்டிப் போகிறது, கூட்ஸ் அது போகிற போதே ஓசூர் பக்கம் உறுமிக்கொண்டு கிளம்புகிறது. இரண்டும் எதிரெதிராக நகர்வதைப் பிளாட்பாரக் கேமராவில் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

அடுத்து, கோவையிலிருந்து பெங்களூரு போகும் வந்தே பாரத். 2023 கடைசியில் ஓடத் தொடங்கியதிலிருந்து அதை இந்தப் பாதையில் விட வேண்டும் என்று ஆசை. இது எதிர் வண்டி இல்லை, கூட்ஸுக்குப் பின்னாலிருந்து வந்து முந்திப் போக வேண்டும். இதற்கும் அதே டிரிக்கர் ஆகுமா?

ஓய்வுபெற்ற எஸ்.எம்.:

ஆகாது. அது ஓசூர் பக்கம் போகும் வண்டி, கூட்ஸும் அதே பக்கம். இப்போது இருக்கும் டிரிக்கர் சேலம் முனையில் இருக்கிறது, வந்தே பாரத் உள்ளே நுழையும்போதே அதை மிதிக்கும். பெயரைச் சேர்த்துவிட்டால் கூட்ஸ் அதற்கு முன்னால் கிளம்பிப் போய் மாரண்டஹள்ளி வரை அதை மறித்துக்கொண்டு போகும். பின்னால் வந்தே பாரத் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வரும், அதற்கு டிக்கெட் எடுத்தவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

ஓசூர் முனை ஸ்டார்ட்டருக்கு வெளியே, பாயின்டையும் தாண்டி, தனியாக ஒரு டிரிக்கர் வையுங்கள். எட்டுப் பெட்டி வண்டிதான், அதன் நீளத்தைவிடச் சற்று அதிகமாக, பாயின்டிலிருந்து ஒரு 250 மீட்டர் தள்ளி வைத்தால் போதும். வந்தே பாரத் பெயரை மட்டும் கொடுங்கள். அது மிதித்த உடனே கூட்ஸுக்கு உத்தரவு போனாலும் கவலை இல்லை. பாலக்கோடு ஸ்டார்ட்டருக்கும் மாரண்டஹள்ளி ஹோமுக்கும் நடுவில் நீங்கள் வேறு சிக்னல் வைக்காதவரை, முன்னால் போன வண்டி மாரண்டஹள்ளி ஹோமைத் தாண்டும் வரை கூட்ஸுக்குச் சிவப்புதான் இருக்கும். ஒரு பிளாக்கில் ஒரு வண்டி. கூட்ஸ் டிரைவர் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சிவப்பைப் பார்த்தபடி நிற்பான், நிஜத்திலும் அப்படித்தான் நிற்பார்கள்.

ஓபன்ரெயில்ஸ் ஓசூர்:

எங்கள் பக்கம் இதற்கும் அந்த ஒரே 'வெயிட்' கட்டம்தான். சும்மா சொல்லி வைத்தேன்.

தொப்பூர் டீசல்:

தம்பி, முடித்ததும் பாதையை ஏற்றி வையுங்கள், தொப்பூர் காட்டை நான் கட்டித் தருகிறேன், தர்மபுரியில் ஒட்டிக்கொள்ளலாம். முத்தம்பட்டி, சிவாடி லூப்புகளையும் 700-க்கே போட்டுவிடுகிறேன். அந்த ஏற்றத்தில் 58 வேகனை ஒரு டபிள்யூஏஜி-9 இழுக்குமா, பின்னால் ஒரு தள்ளு எஞ்சின் வேண்டுமா என்று ஐயா சொன்னால் டிரிக்கரை அதற்குத் தகுந்த மாதிரி வைப்பேன். தள்ளு எஞ்சின் கழன்று திரும்பி வரும்போது எல்லா டிரிக்கரையும் மிதித்துக்கொண்டுதானே வரும்?

நேரோகேஜ் கிருஷ்ணகிரி:

மிதிக்கும். பெயர் வைத்து வடிகட்டுங்கள் அண்ணா, சோம்பேறித்தனம் பார்க்காமல்.